பொது மயானத்துக்கு எந்த வழி?

தாலுகா ஆபீசில் ஒரு செக்‌ஷனில் பட்டா தருவார்கள், இன்னொன்றில் சாதிச் சான்றிதழ். என் செக்‌ஷனில் நல்லிணக்கம். ஊர்த் தெருவும் காலனியும் ஒற்றுமையாக இருந்தால் அரசு நிதி தரும். ஒற்றுமை இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. பெரம்பலூரில் ஆறு வருடம், அரியலூரில் நான்கு வருடம். இல்லாததை இருக்கிறது என்று எழுதிக் கை நொந்த உத்தியோகஸ்தர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

ஒரே பந்தி

விக்கிரமங்கலம் பஸ் போகும் வழியில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அரசுச் செலவில் சமபந்தி விருந்து. காலனிக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஊர்த் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, சுகர் என்றும் விரதம் என்றும் சொல்லி நழுவினார்கள். இலை காலியாக இருந்தால் போட்டோ நன்றாக வராதே. தாசில்தார் கண்ணைக் காட்ட, டிரைவர் உட்பட நாங்களே போய் உட்கார்ந்தோம்.

எனக்குப் பக்கத்து இலையில் செல்வராணி, கரும்பு வெட்டப் போகிறவர். அந்தப் பக்கம் அவர் கணவர் கலியபெருமாள். பாயசம் வரும்போது செல்வராணி சிரிக்காமல் சொன்னார்:

“வருசா வருசம் ஒங்ககூடத்தான் சார் சாப்புடுறோம். ஒங்களுக்கும் எங்களுக்கும் என்ன சண்ட?”

டிக்

மறு வருடம் அதே ஊர் பொது மயான நிதிக்கு விண்ணப்பித்தது. ஜீப்பில் ஊர்த் தெரு வழியாகவே போய் இறங்கினேன். இடம் பொதுவா, சுவர் தேவையா, தண்ணீர் உண்டா? பாரத்தில் கேட்டதற்கெல்லாம் டிக் போட்டேன். காலனியிலிருந்து இதுவரை யாரையாவது இங்கே கொண்டுவந்தார்களா என்று நாட்டாமையைக் கேட்டேன்.

“அங்க இன்னும் யாரும் சாவல சார். செத்தா கொண்டாரட்டும்.”

இரு தரப்பு

நிதி வந்தது. சுவர், கொட்டகை, கைப்பம்பு, பெயர்ப்பலகை எல்லாம் வந்தன. ஐப்பசி மழையில் கலியபெருமாள் இறந்துபோனார். காலனியின் பழைய சுடுகாடு ஓடைக்கு அக்கரையில், ஓடையிலோ இடுப்பளவு தண்ணீர். பொது மயானத்துக்கே கொண்டுபோவோம் என்றார் செல்வராணி. அதற்கு இருக்கும் ஒரே வழி ஊர்த் தெரு. தெருமுனையிலேயே பாடையை மறித்துவிட்டார்கள்.

உடலை வீட்டில் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு அமைதிப் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். இரு தரப்புக்கும் டீ கொடுத்தோம். சம்மதித்துத்தானே மயான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று தாசில்தார் கேட்டார். நாட்டாமை குரலை உயர்த்தவே இல்லை.

“மயானம் பொதுதான் சார், யாரு இல்லன்னா? தெரு எங்களுது.”

ஓடை

கரண்ட் போய்ப் போய் வந்தது. ஐஸ் பெட்டி தாங்காது. ‘சட்டம் ஒழுங்கு கருதி இம்முறை மட்டும் பழைய இடம்’ என்று நான்தான் எழுதினேன். செல்வராணி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கரைவரை போனேன். நான்கு பேர் பாடையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். நடு ஓடையில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. ஆனாலும் செல்வராணி சேலையோடு இறங்கி, அக்கரை சேரும்வரை முட்டுக்கொடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

அவர் திரும்பிக் கரையேறியதும், “பாதையைப் பத்திப் பாரத்துல கேள்வியே இல்லம்மா” என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சேலையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

“பாரம் கேக்கல, சரி. நீங்க கேட்டிருக்கலாம்ல சார்?”

இத்தனை வருட சர்வீஸில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அமைதிப் பேச்சுவார்த்தை என்பது, விட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லாதவருக்கு நாற்காலி போடுவது.