மடித்து வைத்த காசு

மஞ்சள் துணியில் முடிந்த அந்தக் காசு சாமித்தட்டில் ஒழுங்காக இருக்காது. எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் சரியும். முடிந்தவள் நான்தான். அக்காவுக்குப் புற்றுநோய் என்று சொன்ன அன்று, அவள் சுகமானால் ஊர்ப் பிள்ளையாருக்குக் கொண்டுபோய்ப் போடுகிறோம் என்று நேர்த்தி வைத்து, நடுவில் ஓட்டையுள்ள இந்த நாட்டு ஒரு குரோனர் காசை முடிந்தேன். அன்றைக்கு அது தட்டையாகத்தான் கிடந்தது.

அக்காவின் கணவருக்கு, என் அத்தானுக்கு, அப்போது பழங்காசுப் பைத்தியம். பஸ் ஓட்டி முதுகு போய் வேலையை விட்டவர். ஸ்ட்ரோம்மன் ஊருக்கு அப்பால் கமக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உழுத வயல்களில் உலோகம் தேடும் கருவியோடு திரிவார். கலப்பை பட்டு நெளிந்த காசுகள் புருசெத்தில் இருந்த அவர்கள் வீட்டுக் குசினிக்கு வந்து சேரும். ஊறப்போட்டு, பழைய பல் தூரிகையால் மண்ணைத் தட்டி, வெள்ளியென்றால் மெல்லச் சூடாக்கி, இரண்டு தோல் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி நிமிர்த்துவார். அவசரப்பட்டால் வெடித்துவிடும். நானோ முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, கால் வீங்கி, அக்காவைப் பார்க்க வருவேன். தேநீர் வைக்க அடுப்படியில் இடமிராது. எரிச்சல்தான் வரும்.

ஒருநாள் இரண்டாக மடிந்த மெல்லிய வெள்ளிக்காசு ஒன்று அகப்பட்டது. அவ்வளவு பழையதைத் தொடாமல் அரசிடம் ஒப்படைக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அக்கா படுக்கையிலிருந்து கேட்டுவிட்டாள். "இஞ்சேருங்கோ, உதுக்குள்ளை ராசாவின்ரை முகம் இருக்கோ? எனக்கொருக்கா விரிச்சுக் காட்டுங்கோ." அவள் எதையாவது ஆசைப்பட்டுக் கேட்டு எவ்வளவு காலம்! மனுசன் நாட்கணக்காக மினக்கெட்டு விரித்தார். முகமில்லை, தேய்ந்த சிலுவை ஒன்றுதான். அக்கா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஒப்படைக்க நானும் கூடப் போனேன். அலுவலகத்துப் பெண் விரித்ததற்குக் கோபிக்கவில்லை, கவலைப்பட்டாள். நோயாளிக்காகப் புனிதரை வேண்டி யாரோ மடித்த காசாகவும் இருக்கலாம், அந்தக் காலத்தில் அப்படியும் செய்வார்கள் என்றாள்.  திரும்பி வந்து வீட்டு வாசலில் அத்தான் சொன்னார்.

"ஆரோ ஒராளின்ரை நேர்த்தியை நான் குலைச்சுப்போட்டன், பிள்ளை."

"உங்களுக்கென்ன விசரே அத்தான்? அந்த ஆள் செத்து எத்தினை நூறு வருசம்!"

"நேர்த்தி நேர்த்திதானே."

பனி கரைய முன்பே அக்கா போய்விட்டாள். முடிச்சைக் கோயில் உண்டியலில் போடுவோமா என்று அத்தானிடம் கேட்டேன். "கிடக்கட்டும்" என்றார்.

இந்த வருடம் அத்தான் ஹம்மர்பெஸ்ட்டில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அவர்கள் வீட்டுச் சாமித்தட்டு என் வீட்டுக்கு வந்தது. போன வெள்ளிக்கிழமை அதைத் துடைக்கும்போது, சரிந்து கிடந்த முடிச்சை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். உள்ளே காசு மடிந்திருந்தது. ஓட்டைக்கு நடுவால் மடிப்பு; குறட்டால் பிடித்துத்தான் மடித்திருக்கவேண்டும். அந்தப் பெண் சொன்ன பிறகு, எனக்குத் தெரியாமல் அவிழ்த்து, மடித்து, திரும்ப முடிந்திருக்கிறார். எங்கள் பிள்ளையார் மட்டும் போதாது என்று இந்த நாட்டுப் புனிதரையும் கெஞ்சியிருக்கிறார்.

ஐயோ அத்தான்.

 அவிழ்க்காமலே அதைத் தட்டில் வைத்தேன். சரிந்தது. சரியட்டும் என்று விட்டுவிட்டேன்.