இடப்பக்கம் திரும்பினால் எரியும் பியூஸ்

அந்த ஒரு மழைக்காலத்தில் மட்டும் எங்கள் காரில் பதினொரு பியூஸ் எரிந்தன. எண்ணியது நான்தான். எரிந்த கண்ணாடிக் குழாய்களை அப்பா வீசி எறிய எறிய, நான் பொறுக்கி ஒரு பால் டின்னில் போட்டு வைத்தேன். எதையாவது எண்ணாமல் விட்டால் அது தொலைந்துபோகும் என்ற பயம் எனக்கு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. இன்னும் விட்டபாடில்லை.

அறுபதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில் தேக்கா சந்தையை ஒட்டிய ஒரு சந்தில், மசாலாக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடியிருந்தோம். கார், அப்பாவும் சித்தப்பாவும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. வாடகைக் கார் என்று சொன்னால் உரிமம் எங்கே என்று கேட்பார்கள். ஆகவே அது குடும்பக் கார். அதில் ஏறும் குடும்பங்கள்தான் நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தன. மாலைவரை அப்பா ஓட்டுவார், பிறகு சித்தப்பா. பகலிலும் சித்தப்பா பல நாள் தூங்காமல் அப்பாவுக்குத் துணையாக முன்சீட்டில் உட்கார்ந்து போவார்.

கோளாறு இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே பியூஸ் எரியும். இன்ஜின் நிற்காது; ஆனால் வைப்பர் நின்றுவிடும், பெட்ரோல் முள் படுத்துவிடும், பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரியாது. சிங்கப்பூர் மழையில் அப்படிப்பட்ட காரில் காசு கொடுத்து உட்கார யாருக்கு மனம் வரும்? பெரும்பாலும் சிராங்கூன் சாலையிலிருந்து இடப்பக்கம் எங்கள் சந்துக்குள் திரும்பும்போதுதான் எரிந்தது என்பதை நான் கவனித்துச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா வேறொரு கோளாறைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நான் கொடுக்கும்போது வண்டி நல்லாத்தான் இருக்கு. அவன்கிட்டேருந்து வரும்போதுதான் செத்து வருது" என்பார் அம்மாவிடம். சித்தப்பா தம் பங்குக்கு அதையே திருப்பிச் சொன்னார்: "அண்ணன் விட்டுட்டுப் போன வண்டியில பியூஸ் எங்கே அண்ணி இருக்கு?"

"கூடப் பொறந்தவரைப் போயா சந்தேகப்படுவீங்க?" என்று அம்மா கேட்டார்.

"கூடப் பொறந்தவனத்தான் சந்தேகப்படணும். வெளியாளுக்கு வண்டிச் சாவி எங்கேருந்து கெடைக்கும்?"

எனக்கு அது மிகச் சரியான வாதமாகவே பட்டது.

ஒருமுறை சித்தப்பா எரிந்த பியூஸின்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டிவிட்டார். அவசரத்துக்குப் பல ஓட்டுநர்கள் செய்த வேலைதான். பியூஸ் எரியவில்லை; அதற்குப் பதிலாக டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது. அப்போது வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்பா. வீட்டுக்கு வந்து, "கொளுத்தப் பாத்தான்டி" என்றார். காரைச் சொன்னாரா தம்மைச் சொன்னாரா தெரியவில்லை. அன்றிலிருந்து சாவியைக் கைமாற்றும்போதெல்லாம் இருவரும் பானட்டைத் திறந்து வைத்து, சுங்க அதிகாரிகள் போல ஒருவர் முன் ஒருவர் பியூஸைச் சோதித்துக்கொண்டார்கள். நானும் என்னால் ஆன உதவியாக, சித்தப்பாவின் சட்டைப்பையைத் துழாவினேன். ஒரு சீப்பும் இரண்டு சினிமா டிக்கெட்டும் இருந்தன. ஒருவருக்கு எதற்கு இரண்டு டிக்கெட் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை கோளாறு அகப்படாவிட்டால், சித்தப்பா தம் பங்கை வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்க்க வேண்டும்.

ஞாயிறு காலை ரேஸ்கோர்ஸ் சாலைத் திடலோரம் காரை நிறுத்தினார்கள். அப்பா முன்பு கடற்படைத் தளத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர்; முறை தெரியும். பியூஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பல்பை ஒயர்களில் கோத்தார். மின்சாரம் ஒழுங்கான வழியில் போனால் பல்பு மங்கிக் கிடக்கும். குறுக்கு வழியில் காரின் இரும்புக்குப் பாய்ந்தால் பளிச்சென்று எரியும். அப்போது ஒவ்வொரு ஒயராகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் பல்பு அடங்குகிறதோ, அங்கேதான் திருடன்.

"நான் பல்பைப் பாக்கறேண்ணே, நீங்க உள்ளே பாருங்க."

"நீ பாத்து, நீ சொல்லி, அதை நான் நம்பணுமாக்கும்? போய் வண்டியை ஆட்டு."

சித்தப்பா காரின் பக்கவாட்டில் கை வைத்து ஆட்டினார். அப்பா பல்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குனிந்து நின்றார். சற்று நேரத்தில் பல்பு கண் கூசும்படி எரிந்தது.

"எரியுதாடா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"எரியுதுப்பா!"

மூக்குக்கு முன்னால் எரிகிற விளக்கைக்கூட என்னைக் கேட்டுத்தான் நம்புகிறார் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பாவின் கை நின்றுவிட்டது. அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளி விழிப்பது இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

அப்பா உள்ளே மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவித் தடவி ஒயர்களைக் கழற்றினார். நான் பானட்டருகே நின்று, "எரியுது, இன்னும் எரியுது" என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். பெட்ரோல் முள்ளின் ஒயரைக் கழற்றியதும் பல்பு அணைந்தது. அவர் கை அங்கேயே துழாவி எதையோ பிடித்து இழுத்தது.

மஞ்சள் நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு செப்புத் தகடு. பீடி அளவுக்குச் சுருட்டியிருந்தது. ஒரு முனை கருகியிருந்தது. கார் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அது ஊசலாடி, மின்சாரம் ஓடும் ஆணியையும் காரின் இரும்பையும் ஒருசேரத் தொட்டிருக்கிறது. இன்று ஆட்டியதில் அங்கேயே சிக்கிக்கொண்டது. அப்பா அதைப் பிரித்தார். கட்டங்கள், கட்டத்துக்குள் எழுத்துகள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு வச்சது?"

"நாந்தாண்ணே. கோயில்கிட்ட ஒருத்தர் எழுதிக் குடுத்தாரு. காப்புத் தகடு. வீட்டுக்குன்னா நிலைவாசல்ல வைப்பாங்க. வண்டிக்கு ஏது நிலைவாசல்? அதான் அங்கே கட்டினேன். இதனால பியூஸ் எரியும்னு சத்தியமா தெரியாதுண்ணே."

"யாருக்குக் காப்பு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு என்னடா வந்துச்சு? எதுலேருந்து காப்பு? சொல்லு."

சித்தப்பா பல்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லண்ணே. சும்மா லா."

"சும்மா எவனாச்சும் தகடு எழுதி ஒளிச்சு வைப்பானா? செய்வினை வச்சுட்டுக் காப்புங்கிறான்!"

கோளாறு அகப்பட்டுவிட்டது, ஆனாலும் அன்று மாலையே சித்தப்பா துணிமூட்டையுடன் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு கூட்டாளி வீட்டுக்குக் கிளம்பினார். மாடிப்படியில் அம்மா வழிமறித்து, "எதுக்காக வச்சீங்கன்னு வாயைத் தொறந்து சொல்லிட்டா என்ன?" என்று கேட்டார்.

"சொன்னா வண்டி நின்னுடும் அண்ணி. அப்புறம் புள்ளைங்க என்ன சாப்பிடும்?"

எனக்குக் குழப்பமாக இருந்தது. வண்டிதான் இப்போது சரியாகிவிட்டதே?

அதன்பின் ஒரு பியூஸ்கூட எரியவில்லை. "பாத்தியா, அவன் போனான், கோளாறும் கூடவே போயிருச்சு" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளி விடுமுறை வந்ததும் என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். ஓட்டிக்கொண்டே கேள்வி கேட்பார்: "படிக்கிற புள்ளதானே, சொல்லு பாப்போம். வர்றது லாரியா பஸ்ஸா? அங்கே சிவப்பா பச்சையா?" அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அதற்கு வெகுநாள் கழித்து. அன்று நான் அறிந்ததெல்லாம், அப்பா என் கெட்டிக்காரத்தனத்தைச் சோதிக்கிறார், நான் ஒரு கேள்வியையும் தவறவிடவில்லை என்பதுதான்.

"பச்சைப்பா!" என்று உரக்கச் சொல்வேன். பின்சீட்டில் இருப்பவர்கள் சிரித்து, பையன் சூட்டிகை என்று மெச்சுவார்கள். அப்பா அதற்குப் பிறகுதான் காரை நகர்த்துவார்.