கெட்டிப் பழம்

புளூபெர்ரியைத் தரம் பிரிக்கும் கூடத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். பெல்ட்டில் ஓடிவரும் பழத்தில் ஒரு கீறலோ சுருக்கமோ இருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. மேலே வெள்ளைப் பொடி படிந்து கெட்டியாக இருந்தால் முதல் தரம், கப்பலுக்குப் போகும். விரல் பட்டதும் குழைந்தால் ஜாம் தொட்டிக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு பழத்தைக்கூட அவர் வாயில் போட்டதில்லை. வேலை நேரத்தில் மென்றால் சீட்டுக் கிழிந்துவிடும். வெளியே வந்த பிறகோ, அந்தப் பழத்தின் முகத்தில் விழிக்கவே அவருக்குப் பிடிக்காது.

மனைவி நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகுதான் அந்த வெறுப்பு மாறியது.

"மாத்திரையை விட்டுடாதீங்கம்மா. கூடவே பழம், காய் நிறைய சாப்பிடுங்க. புளூபெர்ரி கிடைச்சா நல்லது, ரத்தக்குழாய்க்கு உதவும்" என்றார் டாக்டர்.

கிடைத்தால் என்றதும் மனுஷனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் திண்டாடியிருப்பார். இது நாள் முழுக்க அவர் கையிலேயே அல்லவா உருண்டுகொண்டிருக்கிறது!

கூடத்தில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் கைக்கு வந்ததை வாங்கிப் போவார்கள். இவர் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார், கப்பலுக்குப் போவதைவிடக் கெட்டியாக. டீ நேரத்தில் பிரசங்கம் வேறு.

"அந்த ஊதா நிறம் இருக்கு பாருங்க, அதுலதான் சத்தே. நார்ச்சத்தும் இருக்கு."

"டாக்டர் வந்துட்டாருப்பா, எழுந்து நில்லுங்க!" என்று கூடமே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவார்.

சாயங்காலம் பழத்தைக் கழுவிக் கிண்ணத்தில் போட்டு, மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"ஏங்க, நீங்களும் ரெண்டு எடுத்துக்குங்களேன். தனியா திங்க ஒரு மாதிரி இருக்கு."

"எனக்கெதுக்கு? உனக்குத்தான் மருந்து. ஒண்ணுகூட மிச்சம் வைக்காம தின்னு."

அவள் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவாள். என்னமாய் ரசித்துச் சாப்பிடுகிறாள் என்று இவருக்குப் பூரிப்புத் தாங்காது. கிண்ணம் காலியானால் அன்றைக்கு அவளை இழுத்துப் பிடித்துவிட்டதாக ஒரு நிம்மதி.

ஆனால் இதயம் ஏற்கெனவே பாதி ஓய்ந்திருந்தது. ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. பழம் என்ன செய்யும், பாவம்.

காரியங்கள் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, மகள் ஃபிரிட்ஜைத் துடைத்தாள். உள்ளே அரைப் பெட்டி பழம் இருந்தது. ஒன்றை வாயில் போட்டவளுக்கு முகம் கோணிவிட்டது.

"என்னப்பா இது, இவ்வளவு புளிப்பு? அம்மா இதையா தின்னாங்க?"

அவர் எழுந்து வந்து ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். பல் கூசியது. இன்னொன்றைக் கடித்தார். அதுவும் அப்படித்தான். மேற்கொண்டு யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கப்பலில் நசுங்காமல் இருக்க முழுசாய்ப் பழுக்குமுன் பறித்த பழங்கள் அவை. அதிலும் இருப்பதிலேயே கெட்டியாகப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பழுத்துக் குழைந்து தித்திக்கிற பழத்தையெல்லாம் தன் கையாலேயே ஜாம் தொட்டியில் எறிந்திருக்கிறார். கெட்டியாக இருப்பதுதான் நல்ல பழம் என்று கண்ணும் கையும் பழகிப்போயிருந்தன. வீட்டுக்கும் கூடத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாள்கூட சொல்லலையேம்மா அவ. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்னு நினைச்சிருப்பாங்க. நீங்க கேட்டீங்களாப்பா, எப்படி இருக்குன்னு?"

அவர் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினார்.

"இல்லம்மா. தின்னு முடிச்சியான்னுதான் கேட்டேன்."