இடிமேகக் கண்ணாடிகள்

பெங்களூர் ஆஸ்டின் டவுன் பவுலினுக்கு மைக்ராஸ்கோப்தான் உத்தியோகம். மேகங்களால் விமானங்களுக்கு என்ன ஆபத்து என்று ஆராய்ந்த கூடமொன்றில் 1956இல் சேர்ந்தாள். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜெயவேலு, டகோட்டா விமானத்தில் இடிமேகத்துக்குள் போய், பசைக் கரைசல் தடவிய கண்ணாடித் துண்டுகளை வெளியே நீட்டி இழுத்துக்கொள்வான். அதில் ஒட்டிய பனித்துகள்கள் உருகிப்போனாலும் அச்சு நிற்கும். அந்த அச்சுகளை எண்ணி எழுதுவது அவள் வேலை.

ஜெயவேலுவின் அப்பா சுரங்கத்தூசியில் நுரையீரல் கெட்டுச் செத்தவர். "பூமிக்குள்ள போகமாட்டேன்னுதான் இந்த வேலைக்கு வந்தேங்க்கா" என்பான்.

1959 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் கொண்டுவந்த துண்டுகளில், எண்ண முடியாதபடி அச்சுகள் அப்பிக் கிடந்தன.

"வேகம் காட்டுற முள்ளு அப்படியே படுத்துடுச்சுக்கா. வேகம் அளக்குற குழாயில பனி அடைச்சிக்கிச்சு. கொஞ்ச நேரம் பைலட்டுக்கே ஒண்ணும் புரியல."

பவுலின் அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: குழாயைச் சூடாக்க வலுவான கருவி பொருத்தும்வரை இத்தகைய மேகத்துக்குள் பறக்கக் கூடாது.

அதிகாரி சுந்தரராமன் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "எண்ணிக்கையை எழுதுங்கோ, போதும். பறக்கறதும் பறக்காததும் உங்க டிபார்ட்மெண்ட் இல்லை. இந்த சீசன் போனா அடுத்த வருஷம்தான்."

அவள் அந்த வரி இல்லாமல் மறுபடி டைப் அடித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி இடிமேகத்துக்குள் போன விமானம் ஆனேக்கல் தாண்டி ஒரு தரிசு நிலத்தில் விழுந்தது. ஜெயவேலுவும் விமானிகள் இருவரும் பிழைக்கவில்லை. மரப்பெட்டி மட்டும் உடையாமல் கிடைத்தது. பதினாறு துண்டுகளில், அதுவரை நீட்டி எடுத்த ஒன்பதில் அவன் பென்சிலால் நேரம் குறித்திருந்தான். அவற்றையும் பவுலின்தான் எண்ணினாள். கண்ணீர் மறைத்தபோதெல்லாம் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணினாள்.

விசாரணையில் அறிக்கையின் பழைய, புதிய பிரதிகள் இரண்டையும் மேஜைமேல் வைத்தாள். "அடிச்சது சுந்தரராமன் சார். பேசாம மாத்திக் கொடுத்தது நான்." சுந்தரராமன் தலை நிமிரவில்லை. அவருக்கு மாற்றலானது; அவளை ஸ்டோர் வேலைக்கு அனுப்பினார்கள். புதுக் கருவி இல்லாமல் பறக்கக் கூடாது என்று அந்த மழைக்காலத்திலேயே உத்தரவும் வந்தது.

தங்கவயலுக்குப் போய், ஜெயவேலுவின் மனைவி சின்னத்தாயிடமும் நடந்ததைச் சொன்னாள். சின்னத்தாய் அழவில்லை.

"அவருகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ரெண்டு நாளு இருந்துச்சே."



கிறிஸ்துமஸுக்குப் பிறகு பவுலின் மறுபடி போனாள். சின்னத்தாயின் வீடு பூட்டியிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடியாத்தம் போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.