எங்களுக்கு ஏன் பேசுறியள்?

யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்கு இயந்திரப் படகுகள் வந்த புதிது. மீனவர் சங்கத் தலைவராக எனக்கு அதுதான் முதல் கூட்டம். படகுப் பாதையில் கிடந்த கற்களை அகற்ற ஆட்கள் வேண்டும். கண்ணாடி முன் பழகிய செந்தமிழை விரல் நீட்டி முழங்கினேன். எல்லோரும் தலைகுனிந்தார்கள். உருகிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

மீன் விற்கும் பொன்னம்மாக்கா எழுந்தார். "தம்பி, நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்? எங்களுக்கு ஏன் பேசுறியள்?"

எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேடையை விட்டிறங்கி அவர்கள் நடுவே மணலில் இருந்தேன்.

"கல்லிலை அடிபட்டு என்ரை படகும் உடைஞ்சு போச்சு. நாளைக்கு வாறியளோ?"

இப்போது அக்கா எனக்குப் பேசினார்: "இதைச் சொல்லவோ இவ்வளவு சத்தம்? வாறம்!"

மறுநாள் ஊரே கடலுக்குள் நின்றது. தலைவனாகப் பேசப் போனவன் நான். பேச்சு வாங்கித்தான் தலைவனானேன்.