ஒன்றும் பேசாத திரை

கண்டக்குழியில் கருவாடு காயவைக்கும் ஹவ்வாவுக்கு ஐம்பது வயதில் கணினி படிக்க வேண்டிய தலைவிதி. ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஹவ்வா பேங்க் மெனேஜராகப் போறாவாம்" என்று கருவாட்டு வாடியில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். அவளுடைய ஒரே மகள் நுஸ்ரா, தலைப்பிள்ளைப் பேற்றில் குழந்தையோடு சேர்ந்தே மௌத்தாகிவிட்டாள்.

மகள் விட்டுப்போனது ஒரு பழைய மடிக்கணினி. அதற்குள் அவள் குரல் இருந்தது. பாடத்தை உரக்க வாசித்துப் பதிவுசெய்து, பிறகு கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணுவது நுஸ்ராவின் வழக்கம். கணினியோ சாகக் கிடந்தது. படமும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. கறுப்புத் திரையும் மினுங்கும் ஒரு கோடும்தான். எழுத்தில் கட்டளை கொடுத்தால் மட்டும் கேட்கும். அது அடங்குமுன் குரலைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட வேண்டும்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் மதுசா. வன்னியிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பெண், நுஸ்ராவோடு படித்தவள், இப்போது கணினி ஆசிரியை.

"நானே எடுத்துத் தாறன் அன்ரி" என்று அவள் கேட்டுப் பார்த்தாள். ஹவ்வா மசியவில்லை. மகளைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய கைதான் இதையும் செய்ய வேண்டும் என்று பிடிவாதம்.

பொருள் தெரியாமலே எழுத்துக்கூட்டிக் குர்ஆன் ஓதிப் பழகியவளுக்கு ஆங்கில எழுத்து பெரிய பூதமல்ல. எல்-எஸ் அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். சி-டி அடித்தால் இன்னோர் அறைக்குள் போகலாம். எம்-வி அடித்தால் பொருள் இடம் மாறும். பெயர் கொடுத்தால் பதிவுகளைப் போட்டுவைக்க ஒரு புதுப் பெட்டியும் உண்டாகும். ஒரு பதிவைப் போட்டும் கேட்டார்கள். பௌதிகப் பாடத்தின் நடுவில் நுஸ்ரா, "உம்மா, சோறு அடிப்புடிக்கிது!" என்று கத்தினாள். ஹவ்வா திரையை முத்தமிட்டு அழுதாள்.

பிறகு ஒரு கட்டளையை அடித்துவிட்டு, "இது ஒண்டும் சொல்லல்லயே, புள்ள?" என்றாள்.

"ஒண்டும் சொல்லாட்டி வேலை முடிஞ்சுது அன்ரி. பிழையெண்டாத்தான் கத்தும்."

"ஓ, நிக்காஹ்வுக்குக் கேக்கிற போல. பொம்புளப்புள்ள பேசாம இருந்தா சம்மதம்."

மதுசா தலையைக் குனிந்துகொண்டாள். நுஸ்ராவுக்குப் புத்தளத்தில் கணினிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்த நேரத்தில்தான் அந்தச் சம்பந்தம் வந்தது. வாப்பா இஸ்ஹாக் முறைப்படி கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று முடித்துவைத்தவள் ஹவ்வா.

மறுநாள் மதுசா பாடசாலை விட்டு வரும்வரை ஹவ்வாவுக்குப் பொறுக்கவில்லை. அதற்குள் கணினி கண்ணை மூடிவிட்டால்? மதுசா செருகிவைத்திருந்த பென் டிரைவில் மகளின் பெயரில் புதுப் பெட்டி ஒன்றை உண்டாக்கினாள். பிறகு கணினியில் பதிவுகள் இருந்த அறைக்குள் போனாள். பழைய கூடையில் ஒரு கருவாட்டையும் விட்டுவைக்கக் கூடாது என்பது அவள் தொழில் புத்தி. ஆகவே பிரதி எடுக்காமல், பிஸ்மில்லாஹ் சொல்லி ஒவ்வொன்றாக இடம் மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் திரை பேசாமல் இருந்தது. அவளுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

பின்னேரம் வந்து பார்த்த மதுசாவின் முகம் வெளிறியது.

"பெட்டி வெளியில, பென் டிரைவில, வெறுமையாக் கிடக்கு அன்ரி. நீங்க பதிவு இருக்கிற அறைக்குள்ள நிண்டு மாத்தியிருக்கிறியள். உள்ள பெட்டி இல்லாததால அந்தப் பேரை முதல் பதிவுக்கே வைச்சிட்டுது. அடுத்ததுக்கும் அதே பேர், முந்தினதை அழிச்சுப்போட்டு. கடைசியா மாத்தினது மட்டும்தான் மிச்சம்."

"அது கத்தல்லயே, புள்ள!"

"அழிக்கேக்கையும் கத்தாது அன்ரி. அதை நான் சொல்லித் தந்திருக்கவேணும்." மதுசா அழுதேவிட்டாள்.

மிஞ்சிய ஒன்றைப் போட்டார்கள். நுஸ்ரா பதிவை நிறுத்த மறந்த ஒரு நாள். கதிரை இழுபடும் சத்தம். இஸ்ஹாக்கின் குரல்: "மகள், அந்த மாப்புளைக்குச் சம்மதமா?"

பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றியது. எங்கோ காகம் கரைந்தது. அப்புறம் ஹவ்வாவின் குரலே சிரித்தது: "பேசாம ஈக்கா. சம்மதம்தான், வாங்க." காலடிகள் போயின. அதற்குப் பிறகும் பதிவு ஓடிக்கொண்டேயிருந்தது. நுஸ்ரா கடைசிவரை பேசவில்லை.

"இன்னொருக்காப் போடு, புள்ள" என்றாள் ஹவ்வா.

மதுசா போட்டாள். இஸ்ஹாக் மறுபடி கேட்டார். ஹவ்வா கணினியில் காதை வைத்து அழுத்திக்கொண்டு, "சொல்லுங்க மகள், வேணாமெண்டு சொல்லுங்க" என்று கெஞ்சினாள்.