அமுதாவின் போணிப் படம்

போன வாரம் திண்டிவனம் போயிருந்தேன். கல்யாண போட்டோகிராபர் எழிலின் ஸ்டுடியோ. மேஜை மேல் புது கேமரா... பெட்டியே பிரிக்காமல்!

தை மாதத்திலிருந்து அந்தக் கேமராவுக்காகத் தவம் கிடந்தவர் எழில். விழுப்புரத்திலிருந்து நான் போன் போட்டாலே அதே பேச்சுதான். எது எப்போது நடந்தது என்று குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் வரிசையாகச் சொல்ல முடியும்.

தை கடைசியில் டீசர் வந்தது. இருட்டில் கேமராவின் ஓரம் மட்டும் மின்னும். கீழே 'விரைவில்' என்று ஒரே சொல். பங்குனியில் விலை. 'இப்போதே புக் செய்தால் அறிமுக விலை, சிலருக்கு மட்டும்!' எழில் பணம் கட்டினார். கையோடு பழைய கேமராவை விற்றார். புது மாடல் கடைக்கு வந்துவிட்டால் பழையதை யாரும் நல்ல விலைக்குக் கேட்க மாட்டார்கள் – அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். முகூர்த்தங்களுக்கு வாடகை கேமரா.

அவர் வீட்டில் ஒரு வழக்கம். புதுக் கேமராவுக்குக் குங்குமம் வைத்ததும் முதல் படம் மனைவி அமுதாவைத்தான். போணி! ஒவ்வொரு கேமராவுக்கும் ஓர் அமுதா, ஸ்டுடியோ சுவரில் வரிசையாக. அடுத்ததற்கு ஆணிகூட அடித்தாயிற்று.

சித்திரையில் வர வேண்டியது ஆனிக்குத் தள்ளிப்போனது. பிறகு ஆவணி என்றார்கள். நடுவில் அமுதாவுக்குக் கிட்னி கெட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல்.

ஆடியில் பார்க்கப் போனேன்.

"வாங்கண்ணா. கேமரா வர்ற வரைக்கும் நான் மூஞ்சிய வெச்சிக்கினு வெய்ட் பண்ணணுமாம்" என்று சிரித்தார் அமுதா. "அந்த வாடகை கேமராவுலயே ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க."

"ஊரான் கேமராவுல போணியா? சும்மா இரு. அடுத்த மாசம் வந்துடும்" என்றார் எழில்.

"எம்மூஞ்சிக்கு எதுக்குங்க இத்தினி மெகாபிக்சல்?"

ஆவணியிலும் வரவில்லை. புரட்டாசி பிறந்த கொஞ்ச நாளில் அமுதா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு கேமரா வந்தது.

இப்போது தீபாவளி ஆஃபர். அதே கேமரா, விலை குறைப்பு, லென்ஸ் இலவசம். யார் வேண்டுமானாலும் நடந்து போய் வாங்கலாம்! கம்பெனிக்காரர்கள் முதலில் தயாரிப்பது ஏக்கத்தைத்தான். அது நன்றாக விளைந்த பிறகே சரக்கு வரும். ஏக்கம் அடங்கியதும் விலையை இறக்குவார்கள். விலையை இறக்கலாம்... போன ஆடி மாதத்தைத் திருப்பித் தருவார்களா?

"பிரிச்சுப் பார்க்கலையா எழில்?"

"பிரிச்சா மொத படம் எடுக்கணும் சார். யார எடுக்கறது?"

சுவரில் கடைசி அமுதாவுக்கு மாலை. பக்கத்தில் அந்த வெறும் ஆணி.

அவர் போன் சிணுங்கியது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அதே கம்பெனி. இருட்டில் இன்னொரு கேமராவின் ஓரம் மின்னியது. கீழே – 'விரைவில்'.

அந்தச் சொல்லை நம்பி வீட்டில் யாரையும் காக்க வைக்காதீர்கள்.